ஹயரா, சொந்த கெப்பா? அட்வான்ஸ் கொடுக்க முன் ஒரு கணக்கு

அக்குறணையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிப் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு அனுப்பும் நண்பர் ஒருவர், ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு சிங்கிள் கெப்பின் பதிவுச் சான்றிதழின் பிரதி. முகத்தில் ஏற்கனவே வண்டி வாங்கி முடித்தவரின் சந்தோசம்.

"நானா, ஹயர்காரனுக்கு மாசம் ரெண்டு இலட்சம் போகுது. அந்தக் காசுக்கு சொந்த வண்டி ஒண்டே ஓடுமே. நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு அட்வான்ஸ் கேக்கிறாங்க. என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்வியை நான் கேட்பது முதல் தடவையல்ல. பலசரக்கு, ஹாட்வெயார், கோழித்தீன் எனப் பொருள் மாறும், கேள்வி மாறாது. ஹயருக்குக் கொடுக்கும் பணம் வீணாகிறது, தவணைக்குக் கட்டும் பணம் சொத்தாகிறது என்ற எண்ணம் எமது வியாபாரிகள் மத்தியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் பலரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

அவரிடம் வண்டியின் விலையையோ மொடலையோ நான் முதலில் கேட்கவில்லை. "மாதத்தில் எத்தனை நாள் உங்களுக்கு வண்டி தேவை?" என்றுதான் கேட்டேன். அவரிடம் உடனடிப் பதில் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் கொழும்பு, இரண்டு நாள் மாத்தளைப் பக்கம் சரக்குச் சேர்க்க என்றார். ஆக, மாதத்துக்கு 12 நாள். கடையில் கிடந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கை எழுதினோம். அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். தொகைகள் அவருடையவை, அதுவும் கணக்கின் இலகுக்காக முழுமையாக்கப்பட்டவை. நீங்கள் உங்களுடைய தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பு ஹயர் ஒன்றுக்கு 30,000 ரூபா. மாத்தளைப் பக்க ஓட்டம் நாளொன்றுக்கு 10,000 ரூபா. வாரத்துக்கு 50,000, நான்கு வாரத்துக்கு 200,000. இதற்குள் டீசல், சாரதி, உதவியாள், டயர் தேய்மானம் எல்லாம் அடக்கம். வழியில் வண்டி நின்றால் வேறு வண்டி அனுப்புவதும் ஹயர்காரரின் தலைவலி.

இனிச் சொந்த வண்டி. அக்குறணையிலிருந்து கொழும்பு போய்வர ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பழைய டீசல் கெப் சுமையோடு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் என்றும், டீசல் லீற்றர் 300 ரூபா என்றும் வைத்தோம். ஒரு கொழும்புப் பயணத்துக்கு 7,500 ரூபா. மாத்தளைப் பக்கம் நாளுக்கு 80 கிலோமீற்றர் என்றால் 2,400 ரூபா. எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 49,200. சாரதிக்கும் உதவியாளுக்கும் சேர்த்து 60,000. "நானே ஓட்டுவேன்" என்றார் நண்பர். அப்படியானால் அந்த 12 நாளும் கடையில் யார் மிளகு நிறுப்பது என்று கேட்டேன். 60,000 அப்படியே நின்றது. பழுது, டயர், பெற்றரி, ஒயில் ஆகியவற்றுக்கு 25,000 ரூபா ஒதுக்கினோம். அவர் 10,000 போதும் என்றார். பழைய வண்டி ஒவ்வொரு மாதமும் செலவு வைக்காது. நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு ஐந்தாம் மாதம் ஒரேயடியாகக் கேட்கும். இன்சூரன்சுக்கும் வருடாந்த லைசன்சுக்கும் மாதம் 10,000.

அடுத்தது வண்டியின் விலை. 40 இலட்சம் கேட்கிறார்கள். கையிலிருந்து 15 இலட்சம், மீதி 25 இலட்சத்துக்கு இஜாரா முறையில் 48 மாதம், மாத வாடகை 75,000 ரூபா.

இப்போது கையிலிருந்து போகும் காசை மட்டும் கூட்டிப் பாருங்கள். 49,200, 60,000, 25,000, 10,000, 75,000. மொத்தம் 219,200 ரூபா. ஹயருக்குக் கொடுத்த 200,000ஐ விட 19,200 ரூபா அதிகம். இது நான்கு வருடத்துக்கு மாதாமாதம் தொடரும்.

நண்பர் விடவில்லை. "நாலு வருசத்துக்குப் பொறகு வண்டி எனக்குத்தானே?" என்றார். நியாயமான கேள்வி. ஆகவே வேறு விதமாகவும் எழுதினோம். தவணையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக உண்மையான செலவைப் போட்டோம். 75,000 வீதம் 48 மாதம் கட்டினால் 36 இலட்சம். எடுத்தது 25 இலட்சம். வித்தியாசம் 11 இலட்சம், மாதத்துக்கு ஏறத்தாழ 23,000. வண்டியை ஐந்து வருடத்துக்குப் பிறகு 28 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால் தேய்மானம் 12 இலட்சம், மாதத்துக்கு 20,000. இப்படிப் பார்த்தால் மொத்தச் செலவு 187,200. ஹயரை விட 12,800 ரூபா மிச்சம். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அந்த வெளிச்சம் நீண்ட நேரம் நிற்கவில்லை. கையிலிருந்து போடும் 15 இலட்சம் எங்கிருந்து வருகிறது? சரக்கிலிருந்து. அந்தப் பணம் மிளகில் உருண்டால் மாதத்துக்கு எவ்வளவு தரும்? சீசனுக்குச் சீசன் மாறினாலும் சராசரியாக 2 வீதம் என்றார் அவரே. 30,000 ரூபா. மிச்சமான 12,800 போய், 17,200 ரூபா நட்டம் என்று வந்தது. காசோட்டமாகப் பார்த்தால் இன்னும் மோசம். மாதம் 19,200 கூடுதலாகப் போகிறது. 30,000 வராமல் போகிறது. 49,200 ரூபா பள்ளம்.

அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரே வழிதான் உண்டு, வண்டி இன்னும் அதிக நாட்கள் ஓட வேண்டும். மாத்தளைப் பக்கம் மேலதிகமாக ஓடும் ஒவ்வொரு நாளும் 10,000 ரூபா ஹயரை மிச்சப்படுத்துகிறது. அதில் டீசல் 2,400 போக 7,600 மிஞ்சும். 49,200ஐ 7,600ஆல் பிரித்தால் ஆறரை நாள். அதாவது மாதத்துக்கு இன்னும் ஏழு நாளாவது வேலை இருக்க வேண்டும். 12 நாளுக்குப் பதில் 19 நாள்.

"அப்ப கேள்வி கெப் நல்லமா கூடாதா எண்டதில்ல" என்றார் நண்பர். 19 நாள் வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே தவணை பற்றி ஒரு வார்த்தை. அதே 25 இலட்சத்துக்கு ஒரு லீசிங் நிறுவனம் அவரிடம் "11 வீதம்தான்" என்று சொல்லியிருந்தது. அதன் மாதத் தவணையும் இதே 75,000க்கு அருகில்தான். முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை ஒரே அளவில் போடப்படும் 11 வீதம் அது. நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். மீதமுள்ள முதலுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 19 வீதத்தைத் தொடும். வட்டி வேண்டாம் என்று இஜாராவுக்குப் போகும் எமது சகோதரர்கள் பலர், மார்க்கத்துக்கு உகந்தது என்று அறிந்ததும் ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். இஜாராவில் வண்டியின் உரிமையாளர் நிதி நிறுவனம். நீங்கள் வாடகைக்கு எடுத்தவர். அப்படியானால் தக்காபுல் கட்டணம் யாருடையது, பெரிய பழுது யாருடையது, முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு குறையும், தவணை பிந்தினால் என்ன, இறுதியில் வண்டி எந்த ஆவணத்தின் மூலம் உங்கள் பெயருக்கு வரும் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது.

இன்னொன்று. ஐந்து வருடத்துக்குப் பிறகு 28 இலட்சத்துக்கு விற்கலாம் என்று எழுதியபோது நண்பர் சிரித்தார். "கூடத்தான் போகும் நானா, வண்டி விலை எப்ப குறைஞ்சது?" இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அந்தக் காலத்தில் ஓட்டித் தேய்த்த வண்டியை வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்களை நாமெல்லோரும் அறிவோம். வாகனம் தங்கம் போலாகியது. ஆனால் 2025 தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. வரி கடுமையாக இருப்பதால் பழைய வண்டியின் விலை உடனே விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கதவு பூட்டியிருந்த காலத்தில் நடந்ததை வைத்து, கதவு திறந்த பிறகான விலையைக் கணிப்பது சரியல்ல என்கிறேன். விற்கும் விலையை நம்பி வாங்காதீர்கள். ஓடும் நாட்களை நம்பி வாங்குங்கள்.

2022ஐயும் மறந்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. விலையை விடக் கிடைக்காமைதான் கொடுமை. வரிசையில் நாட்கணக்கில் நின்றோம், பிறகு கியூ.ஆர். கோட்டா வந்தது. டீசல் விலை ஏறினால் ஹயரும் ஏறும், அதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் வண்டி நிற்கும்போதுதான் தெரியும். ஹயர் எடுப்பவர் அன்று ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. சொந்தக்காரருக்கோ தவணைத் திகதி டீசல் வரிசையைப் பார்ப்பதில்லை. கொவிட் காலத்தில் தவணைகளை ஒத்திவைக்கும் சலுகை கிடைத்தது உண்மை. ஒத்திவைத்த தவணை பிறகு வராமல் போகவில்லை. ஆகவே வண்டி வாங்குபவர் குறைந்தது மூன்று மாதத் தவணையையாவது தனியாக வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. நண்பரின் 15 இலட்சத்தில் அதற்கு இடமே இல்லை.

புத்தகம் யாருடைய பெயரில்?

கணக்கு ஒருபுறமிருக்க, அவர் கொண்டுவந்த பதிவுச் சான்றிதழின் பிரதியைப் பார்த்தேன். வண்டியைக் காட்டியவரின் பெயர் அதில் இல்லை. "அவர் வேறொருத்தர்கிட்ட வாங்கினதாம், ஓபன் பேப்பர் ஈக்குதாம்" என்றார் நண்பர்.

ஓபன் பேப்பர் என்றால் என்ன என்பது எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. பதிவிலுள்ள சொந்தக்காரர், உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கடதாசி மூன்று, நான்கு கை மாறும். இடையில் வந்தவர்கள் எவரது பெயரும் எங்கும் இருக்காது. சட்டப்படி வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் அது வருடக்கணக்கில் இழுபடுகிறது.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓபன் பேப்பரில் ஒரு வேன் வாங்கினேன். விலை மலிவு, விற்றவர் தெரிந்தவர், தொழுகையாளி. பெயர் மாற்றுவதை இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன். ஒன்றரை வருடம் கழித்து நாரஹேன்பிட்டவுக்குக் கொண்டுபோனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை, சொந்தக்காரரைக் கூட்டிவாருங்கள் என்றார்கள். அவரது வீட்டைத் தேடிப் போனேன். அவர் மௌத்தாகி எட்டு மாதமாகியிருந்தது. பிறகு வாரிசுகள், சட்டத்தரணி, சத்தியக் கடதாசி என்று அலைந்து வேலை முடிய ஒரு வருடம் போனது. அந்த வருடம் முழுவதும் வேனை விற்கவும் முடியவில்லை. எனக்கு விற்றவர் இன்றும் ஸலாம் சொல்வார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கடதாசியைப் பார்க்காதது நான்தான்.

விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. நீங்கள் விற்ற வண்டி எங்கோ ஒருவரை மோதினால், பொலிஸார் முதலில் தேடிவருவது பதிவிலுள்ள பெயரைத்தான்.

சான்றிதழில் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். முழு உரிமையாளர், வழக்கில் 'அப்சலூட் ஓனர்' என்று சொல்லப்படும் இடம். அங்கே ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த வண்டியின் மீது கடன் இருக்கிறது, அல்லது கடன் முடிந்தும் பெயர் நீக்கப்படவில்லை. "முடிஞ்சிட்டு, கடிதம் எடுக்கணும்" என்ற வார்த்தையை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மீதிக் கடனை விற்பவரின் கையில் கொடுக்காமல் நேரடியாக நிறுவனத்துக்கே கட்டி, விடுவிப்புக் கடிதத்தை வாங்கிய பிறகு எஞ்சியதைக் கொடுங்கள். வண்டி இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரங்களைத் திணைக்களத்தின் இணையச் சேவையிலும் பார்த்துக்கொள்ளலாம். பிரதியில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உங்கள் கண்ணால் வாசியுங்கள். சுற்றிலும் புதிய பெயின்ற் இருந்தால், உரசிய அடையாளம் இருந்தால், அந்த இடத்திலேயே ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். எஞ்சின் மாற்றிய கெப்புகள் நாட்டில் ஏராளம், அது குற்றமல்ல. மாற்றியது சான்றிதழில் பதியப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதியப்படாவிட்டால் பெயர் மாற்றும் நாளில் அது உங்கள் பிரச்சினையாகிவிடும்.

இன்சூரன்ஸ் விடயத்தில் ஒன்று மட்டும். வெறுமையான நாட்களில் வண்டியை ஹயருக்கு விட்டுத் தவணையைச் சமாளிக்கலாம் என்பது நண்பரின் திட்டங்களில் ஒன்று. சொந்தச் சரக்கு ஏற்றுவதாகச் சொல்லி எடுத்த இன்சூரன்சில் வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால், நட்டஈடு கேட்கும்போது சிக்கல் வரும். உபயோகத்தை உள்ளபடி சொல்லி எடுங்கள். வண்டிக்கான இன்சூரன்ஸ் பின்னால் இருக்கும் மிளகுக்கு இன்சூரன்ஸ் ஆகாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் போய்ப் பாருங்கள்

வண்டியைப் பார்க்கப் போவதென்றால் முதல் நாளே அறிவித்துவிட்டு, காலையில் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். பழைய டீசல் எஞ்சின் தன் குறையைச் சொல்வது குளிரில் எழும்பும்போதுதான். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் காற்று வடியையோ இன்ஜெக்டரையோ பம்பையோ பார்க்க வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த லைசன்ஸ் எடுக்க முடியாது என்பதால் அது வெறும் அழகுப் பிரச்சினையல்ல. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் புகை பலமாக அடித்துக்கொண்டு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் எஞ்சின் இறக்கும் வேலை தூரத்தில் இல்லை.

பார்ப்பவர் உங்களுடைய மெக்கானிக்காக இருக்க வேண்டும். புரோக்கர் கூட்டிவரும் பாஸ், புரோக்கருடைய பாஸ்.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். எமது நாட்டில் அதிகம் கைமாறும் ஹைலக்ஸ் கெப்புகளின் பழைய 2எல், 3எல், 5எல் எஞ்சின்களும், பின்னர் வந்த 2கேடி எஞ்சினும், மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சினும் பெல்ட்டில் ஓடுபவை. நிசானின் டிடி27 பற்சக்கரத்தில் ஓடுவது. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே கழற்ற வேண்டிவரும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைக்கக் கேளுங்கள். மீற்றரில் தெரியும் கிலோமீற்றரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இருபது வருடம் ஓடிய கெப்பில் அது ஓர் அலங்காரம்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், அல்லது மெக்கானிக்கைப் படுக்கச் சொல்லுங்கள். பின் ஸ்பிரிங் பொருந்தும் இடத்துக்கு மேலே, சுமைப் பெட்டி செஸியில் அமரும் இடத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். மீன் ஏற்றிய வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் அங்கே வடிந்திருக்கும். மேலே பளபளக்கும் பெயின்ற், கீழே புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு என்றால் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கில் மேலதிகமாகப் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி தன் சக்திக்கு மேல் சுமந்து பழகியது. செஸியில் வெல்டிங் வடு இருக்கிறதா என்று அதன் பிறகு இரட்டிப்புக் கவனத்தோடு தேடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதென்றால் சந்தியில் ஒரு சுற்றுப் போய்வருவதல்ல. உங்கள் பாதையில், உங்கள் சுமையோடு ஓட்ட வேண்டும். நண்பர் கடுகண்ணாவ ஏற்றத்தில் இழுவை பார்க்க வேண்டும் என்றார். நான் மறித்தேன். அவருடைய மிளகு கடுகண்ணாவையில் ஏறுவதில்லை, இறங்குகிறது. ஏறிவரும்போது வண்டி பெரும்பாலும் வெறுமை. ஆகவே அவர் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கையும், கியரில் பிடித்து இறக்கும்போது வண்டி நிற்கிறதா என்பதையும்தான். கொழும்பிலிருந்து அரிசியும் சீனியும் ஏற்றிக் கண்டிக்கு வருபவருக்கு இதற்கு நேர்மாறு. அவர் ரேடியேட்டரையும் கிளச்சையும் பார்க்க வேண்டும். புத்தளத்திலும் காத்தான்குடியிலும் உள்ளவருக்கு ஏற்றமே இல்லை, செஸியின் துருதான் கவலை. ஒருவருக்கு நல்ல வண்டி இன்னொருவருக்கு நல்ல வண்டியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அன்று மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை பேசினோம். மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று முடிவாகியது. விற்பவர் கோபித்துக்கொண்டார், வேறு ஆள் நிற்கிறார் என்றார். எப்போதும் வேறு ஆள் நிற்பார்.

நண்பர் ஒரு கொப்பி வாங்கினார். இரண்டு மாதம், வண்டி தேவைப்பட்ட ஒவ்வொரு நாளையும் எழுதினார்: எங்கே, எத்தனை கிலோ, ஹயர் எவ்வளவு, வண்டி கிடைக்காமல் தவறிய நாள் எது. முதல் மாதம் 16 நாள். இரண்டாம் மாதம் சீசன் ஆரம்பித்ததால் 21 நாள். இரண்டு மாதத்தையும் பார்த்தால் 19ஐ ஒட்டித்தான் நிற்கிறது, வாங்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டு கொப்பியோடு வந்தார்.

நாட்களின் எண்ணிக்கையை விட கொப்பியில் வேறொன்று தெரிந்தது. கொழும்புப் பயணம் இரண்டு மாதத்திலும் எட்டுத்தான். அதில் மட்டுமே ஒரு தொன் அளவுக்குச் சுமை. மற்ற நாட்கள் எல்லாம் மாத்தளை, உக்குவளைப் பக்கச் சிறு பாதைகள். தோட்டங்களில் இருந்து 300 கிலோ, 400 கிலோ என்று மூட்டை சேர்க்கும் வேலை. தவறிய நாட்களும் அவைதான். வண்டி வரத் தாமதமானதால் வேறு வியாபாரி வந்து மிளகை எடுத்துக்கொண்டு போன நாட்கள். அந்த இழப்பு எங்கள் பில் புத்தகக் கணக்கில் வரவே இல்லை.

ஆக அவருக்கு 40 இலட்சத்துக்குப் பெரிய கெப் தேவைப்படவில்லை. கிட்டிய ஓட்டத்துக்கு, மக்கள் டிமோ பட்டா என்று அழைக்கும் டாடா ஏஸ் ரகத்தில் ஒரு சிறிய லொறி போதும். முக்கால் தொன் வரை ஏற்றும், ஒடுங்கிய பாதையில் திரும்பும். விலையும் குறைவு என்பதால் சரக்கிலிருந்து எடுக்கும் பணமும் குறைவு, தவணையும் குறைவு. கொழும்புக்கு வாரம் ஒருமுறை அதே ஹயர்காரர். வருடம் முழுவதும் நிச்சயமாக வாரத்துக்கு ஒரு பயணம் என்று சொன்னதும் அவரும் 30,000ஐ 27,000 ஆக்கிக் கொடுத்தார்.

சென்ற வாரம் மாவனல்லையில் அப்படியொரு சிறிய லொறியைப் பார்க்கப் போயிருக்கிறார். காலை ஏழு மணிக்கு. பொனட்டைத் தேடியிருக்கிறார், அந்த ரகத்தில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, விற்பவரிடம் விலையைக் கேட்க முன் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்: "புத்தகம் உங்கட பேர்லயா ஈக்குது?"

விற்பவர் உள்ளே போய் மூலப் பிரதியோடு வந்தாராம். மெக்கானிக் வரும் ஞாயிறு பார்க்கப் போகிறார்.